நுரையோடு நிற்கும் நாய்

பாதிக் குளியலில் தண்ணீர் நின்றுபோனது.

குழாய் இரண்டு முறை இருமியது,
செம்மண் நிறத்தில் ஒரு வாய் துப்பியது,
அவ்வளவுதான்.
மைலோ நுரைக்குள் நின்றுகொண்டு
என்னைப் பார்த்தது,
நான்தான் மூடிவிட்டதைப் போல.

ஞாயிற்றுக்கிழமை. பீடோங்கில் பத்து மணிக்கே
தார் இளகும் வெயில்.
ஆலையில் செம்பனை வேகும் வாடை
கொல்லை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது.
ஷாம்பு பத்து நிமிடம் ஊறவேண்டும்,
பிறகு சொட்டு மிச்சமில்லாமல் அலசவேண்டும்,
நக்கினால் வாந்தி என்று
சுங்கைப் பட்டாணி டாக்டர்
நாற்பத்தைந்து வெள்ளி வாங்கிக்கொண்டு சொன்னார்.
பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது.

இது என் நாயில்லை.
குணாளன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது.
ஜொகூருக்கு வேலைக்குப் போனபோது
பெட்டியில் வைக்க முடியாமல் விட்டுப்போனது.
எட்டு மாதமாய்ச் சோறு வைத்தேன், தொட்டதில்லை.
கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க
ரப்பர்க் கைகளை உருவுகிறவளுக்கு
வீட்டுக்கு வந்து பிடிக்க
இன்னொரு கால் வேண்டாமென்று இருந்தது.

போன வாரம் காது மடலைத் திருப்பினேன்.
உண்ணி.
சாம்பல் நிறத்தில், உப்பி,
பொம்மை வீட்டுக்கென்று செய்த பால்மரக் கொட்டை மாதிரி.
புருவம் திருத்தும் இடுக்கியால்
தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராய் இழுத்து
மண்ணெண்ணெய் டின்னில் போட்டேன்.
அறுபத்து மூன்று வரை எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை,
அது என் முழங்காலில் தாடையை வைத்துவிட்டது.

வேலிக்கு அப்பால் காக் ரொகாயா
துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
நாயைப் பார்த்தாள், நுரையைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.
அவள் கூரைமேல் நீலத் தொட்டி உண்டு.
சற்று நேரத்தில் வேலி ஓட்டை வழியாக
ஒரு பச்சை ஹோஸ் தலையை நீட்டியது.
பாம்பென்று நினைத்துக் குரைத்தது மைலோ.

அந்த ஓட்டை பூனைக்காக விட்டது.
பூனை இரண்டு வீட்டுக்கும் சொந்தம்.
அங்கே பெயர் பூத்தே, இங்கே வெள்ளையம்மா.
அங்கே சீப்பு, இங்கே நெத்திலித் தலை.
அவள் வாரிவிடும் முடி காற்றில் வந்து
என் ரசத்தில் விழும்.

நாய் அப்படியில்லை.
ஈர நாய் பட்டால் மண்ணும் நீருமாய்
ஏழு முறை கழுவவேண்டும் அவள்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவளுக்கும் தெரியும்.
அதனால் அவள் தொட்டிக் குழாயடியில்,
நான் மறுமுனையில்.
"லாகி?"
"லாகி, காக்."
நடுவில் இருபது அடி ரப்பர்.

வயிற்றுக்கடியில் அலசும்போது
விரலில் தட்டியது ஒரு பழைய தையல் தழும்பு,
சுண்டுவிரல் நீளம்.
எப்போது? யார் தைத்தது?
குணாளன் சொன்னதேயில்லை.
இன்று ராத்திரி போன் வந்தால்
சாப்பிட்டாயா, பணம் வந்ததா என்பதற்கு அப்புறம்
கேட்க ஒன்று இருக்கிறது.

முதுகுத் தோல் சுளித்து ஓடியது.
உதறப் போகிறது!
"காக், லாரி!" என்று கத்தினேன்.
மலாயில் ஓடு என்று சொன்னேன்,
எதிர்வீட்டுச் சின்னப்பன்
லாரி எங்கே என்று ரோட்டைப் பார்த்தார்.
ரொகாயா ஓடினாள்,
துணிக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு,
சிரிப்பில் ஒரு செருப்பை விட்டுவிட்டு.

கொடியில் கிடந்த பெட்ஷீட்டில்
ஒரு துளி விழுந்ததா இல்லையா என்று
ஆளுக்கொரு பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தோம்.
எதற்கும் இருக்கட்டுமென்று
அவள் அதை மறுபடி ஊறப்போட்டாள்.
ஹோஸை நீயே வைத்துக்கொள் என்றாள்.

நகம் பாக்கி.
கறுப்பு நகத்தில் இரத்தம் எங்கே தொடங்குமென்று
எனக்குத் தெரியாது, வெட்டவில்லை.
துவட்டிய பழைய சட்டை குணாளனுடையது,
அதை முகர்ந்துகொண்டே படுத்துவிட்டது நாய்.

மதில்மேல் வெள்ளையம்மா
பின்னங்காலை வானத்துக்குத் தூக்கி
ஒருத்தரையும் கேட்காமல்
தன்னை நக்கிக்கொண்டிருந்தாள்.